மட்டக்களப்பிலிருந்து வெளிநாட்டுக்குப் பொதி அனுப்புகிறீர்களா? பெட்டியை ஒட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

அக்கா குடும்பத்தோடு கனடாவிலிருந்து வந்து மாமாங்கக் குளத்தில் ஆடி அமாவாசைத் தீர்த்தம் ஆடிக்கொண்டிருந்த அதே கிழமையில், நான் அவருக்கு அனுப்பிய கறித்தூள் பெட்டி ஸ்காபரோவில் பூட்டிக் கிடந்த அவருடைய வீட்டு வாசலுக்குப் போயிருக்கிறது. அவர் அங்கிருந்து புறப்படுவதற்குள் போய்விடும் என்று கணக்குப் போட்டுத்தான் அனுப்பினேன். கணக்கு பிழைத்தது. பெட்டி அங்குள்ள தபாலகத்தில் 15 நாள் காத்திருந்தது. அக்கா விடுமுறை முடிந்து கனடா திரும்புவதற்குச் சில நாள் முன்பே, அது இங்கே வரப் புறப்பட்டது.

சுவிஸில் இருக்கும் சின்னம்மாவின் மகளுக்கு அனுப்பிய இரண்டாவது பெட்டியும் திரும்பி வந்தது. லண்டனுக்கு அனுப்பிய மூன்றாவது போய்ச் சேர்ந்தது. ஆனால் மச்சான் வரி கட்டித்தான் அதை எடுத்தார். மூன்றுக்கும் கண்காணிப்பு இலக்கம் இருந்தது. மூன்றையும் நான் காலையும் மாலையும் கைபேசியில் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்த்து என்ன பயன்? பிழைகளில் பெரும்பாலானவை கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையிலேயே, பெட்டியை ஒட்டும்போதே நடந்து முடிந்திருந்தன.

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ இருந்து முதல் முறை அனுப்பப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. இலக்கத்தின் முதல் எழுத்தைப் பார்த்துச் சேவையைத் தெரிவுசெய்யுங்கள்

"கண்காணிப்பு உண்டா?" என்று கேட்டால், கருமபீடத்தில் "உண்டு" என்பார்கள். அது பொய்யல்ல. ஆனால் அந்த "உண்டு" எல்லாச் சேவைக்கும் ஒன்றல்ல. நீங்கள் கேட்க வேண்டியது எந்த வகை இலக்கம் தருவார்கள் என்பதை.

உலகத் தபால் இலக்கம் எல்லாம் 13 இடங்கள் கொண்டது. முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் நாட்டின் இரண்டு எழுத்து. எங்கள் நாட்டுக்கு எல்.கே. உதாரணத்துக்கு, ஆர்.ஆர். 123456785 எல்.கே. ஒன்பதாவது இலக்கமான 5 சரிபார்ப்பு இலக்கம். முன்னுள்ள எட்டையும் வைத்துக் கணக்கிட்டு வருவது. அதனால் நீங்கள் ஓர் இலக்கத்தை மாற்றித் தட்டினால் வேறொருவரின் பொதி வராது, அப்படி ஓர் இலக்கமே இல்லை என்று வரும். "இலக்கம் பொய்யாம்" என்று பதறுவதற்கு முன் பற்றுச்சீட்டை வெளிச்சத்தில் பிடித்து இன்னொரு முறை பாருங்கள். 1, 7 இரண்டும் மங்கிய அச்சில் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

முதல் எழுத்து ஆர் என்றால் பதிவுத் தபால். சிறு பொதிக்கு உச்ச எடை 2 கிலோ. அனுப்பும்போதும் நாட்டை விட்டுப் போகும்போதும் ஒப்படைக்கும்போதும் பதிவு விழும். இடையில் விழும் என்று எதிர்பார்க்காதீர்கள். சில நாடுகளில் கையொப்பம் வாங்கும்போது மட்டும்தான் அங்குள்ள பதிவு விழுகிறது.

சி என்றால் பார்சல். பொதுவாக 20 கிலோ வரை. சில நாடுகள் 30 கிலோ வரை ஏற்கின்றன. கறித்தூளும் சேலையும் பாயுமாக ஐந்தாறு கிலோ அனுப்புகிறவருக்கு இதுதான் பொருத்தம்.

ஈ என்றால் ஈ.எம்.எஸ். விரைவுத் தபால். விலை கூடியது, பதிவுகளும் அதிகம். கடவுச்சீட்டு, சான்றிதழ், கோயில் பதிவுத் திருமணத்தின் ஆவணங்கள் போன்றவற்றுக்கு இதற்குக் கீழே இறங்காதீர்கள்.

யு என்று தொடங்கும் இலக்கம் கிடைத்தால் கவனம். அது சுங்கத் தேவைக்கு ஒட்டும் இலக்கம். பொதியைப் பின்தொடர அல்ல. அதை வைத்துக்கொண்டு நாள் முழுக்கத் தட்டினாலும் ஒன்றும் வராது.

தனியார் கூரியர் பற்றி ஒரு சொல். கதவிலிருந்து கதவு வரை ஒரே நிறுவனத்தின் கையில் போவதால் பதிவுகள் அடுக்கடுக்காக வரும். ஆனால் இங்கே பலர் முகவர்கள்தான். ஒரு முகவர் எனக்குக் கொடுத்த இலக்கம் அவருடைய சொந்தப் பற்றுச்சீட்டு இலக்கம்; பொதியைக் கொண்டுபோகும் நிறுவனத்தின் இலக்கம் அல்ல. இரண்டு கிழமை அதைத்தான் தட்டிக்கொண்டிருந்தேன். முகவரிடம் கொடுத்தால் சர்வதேச இலக்கத்தைக் கையில் வாங்கிக்கொண்டு கடையை விட்டு இறங்குங்கள்.

2. போகக்கூடாததை வீட்டிலேயே வெளியே எடுங்கள்

இதில் அம்மாமாரோடு சண்டை வரும். வரட்டும்.

நெய், தயிர், இறைச்சி: பிரித்தானியாவுக்கும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கும் எங்கள் நாட்டிலிருந்து தனிப்பட்ட பொதியில் போக முடியாது. எருமை நெய் என்றாலும் வீட்டில் உருக்கியது என்றாலும் அதே பதில்தான்.

கருவாடு: ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி சொந்தத் தேவைக்கு 20 கிலோ வரை மீன் பொருட்கள் போகலாம். தேனுக்கு 2 கிலோ. ஆனால் விதி அனுமதிக்கிறது என்பதால் மணம் அடங்கிவிடாது. நெத்தலியோ இறாலோ, நன்றாகக் காய்ந்ததை இரண்டு பொலித்தீனில் வெப்பத்தால் ஒட்டி அனுப்புங்கள். மணம் வெளியே வந்தால் கருமபீடத்திலேயே வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

கறிவேப்பிலை, கீரை, பச்சை மிளகாய், பழங்கள்: 2019 டிசம்பர் 14 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் பச்சையான தாவரப் பகுதி எதற்கும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சம்பழம், டுரியான் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு. பொதிக்குள் ஒரு பிடி கறிவேப்பிலையைச் சொருகுவது பலருக்குப் பழக்கம். அந்த ஒரு பிடிக்காக முழுப் பெட்டியையும் இழக்க நேரும். அவுஸ்திரேலியா இன்னும் கடுமையானது. விதை, தானியம், மரப்பொருள் எதையும் விசாரிக்காமல் போடாதீர்கள்.

பவர் பேங்க், வாசனைத் திரவியம், ஸ்பிரே, காசு, நகை வேண்டாம். மின்கலமும் எரியக்கூடிய திரவமும் விமானப் பாதுகாப்பில் மாட்டும். நகையும் காசும் மாட்டாமலே காணாமல் போகக்கூடும்.

பழைய ஏட்டுச்சுவடி, பழைய பித்தளை விளக்கு வீட்டில் இருக்கிறது, மகனுக்கு அனுப்பலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. தொல்பொருள் என்று கருதப்படுபவற்றை நாட்டை விட்டு அனுப்பத் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும்.

எந்தச் சிக்கலும் இல்லாமல் போகிறவை: மருதமுனைக் கைத்தறிச் சேலை, சாறம், வறுத்த கஜு, கறித்தூள், முறுக்கு, பயற்றம் பணியாரம், புத்தகம்.

3. பெட்டியும் உறையும்

கறித்தூள்தான் எல்லாப் பொதியின் எதிரி. அரிசி போலக் கொட்டாது. மெல்லிய துவாரம் கிடைத்தால் புகை போல வெளியேறும். ஒரு கிலோவை ஒரே பையில் போடாமல், கால் கிலோப் பைகளாக்கிக் காற்றை வெளியேற்றி ஒட்டுங்கள். சந்தையில் பலசரக்குக் கடைகளில் ஒட்டும் இயந்திரம் வைத்திருப்பார்கள். கேட்டால் செய்து கொடுப்பார்கள். பிறகு அவற்றைச் சேலை, சாறங்களுக்கு நடுவில் வைக்காதீர்கள். தனியாக இன்னொரு தடித்த பை.

மாரிக்காலம் எங்களுக்குத் தனிப் பிரச்சினை. நவம்பர் முதல் ஜனவரி வரை அனுப்பினால் பெட்டி எங்கேயாவது ஓரிடத்தில் நனையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் உட்புறத்தில் முழுதாக ஒரு தடித்த பொலித்தீன் பை விரித்து, அதற்குள் சாமான்களை அடுக்கி, வாயைக் கட்டுங்கள். வெளியே சுற்றும் பொலித்தீன் முதல் சாக்கில் உரசும்போதே கிழிந்துவிடும்.

பெட்டியை ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். நான் முதல் முறை டேப்பை மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டு போனேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார்கள். நியாயமான கேள்வி. வரிசையில் பின்னால் பத்துப் பேர் நிற்க, வீட்டுச் சாவியால் டேப்பை அறுத்து, அம்மா கட்டிய முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் காட்டினேன். திரும்ப ஒட்ட டேப் இல்லை. எதிர்க் கடைக்கு ஓடி வாங்கிக்கொண்டு வருவதற்குள் வரிசை இருபதாகியிருந்தது. பெட்டியைத் திறந்தபடி கொண்டுபோங்கள். டேப், கத்தரிக்கோல், மை அழியாத பேனா மூன்றும் பையில் இருக்கட்டும்.

பட்டைக் குறியீட்டுத் தாளை ஒட்டும்போது பெட்டியின் பெரிய சமதளப் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். விளிம்பில் மடிந்தால் இயந்திரம் வாசிக்காது. வாசிக்காத பொதி நகரும், ஆனால் உங்கள் திரையில் நகராது.

4. விலாசம்: கூப்பிடும் பெயர் அல்ல, தபால் பெட்டியில் உள்ள பெயர்

சுவிஸ் பெட்டி ஏன் திரும்பியது என்று சொல்கிறேன். சின்னம்மாவின் மகளை நாங்கள் எல்லாரும் வீட்டுப் பெயரால்தான் கூப்பிடுகிறோம். விலாசத்திலும் அதையே எழுதினேன். தெரு சரி, வீட்டு இலக்கம் சரி, நான்கு இலக்க அஞ்சல் குறியீடும் சரி. ஆனால் அது 16 குடும்பங்கள் இருக்கும் மாடிக் கட்டடம். கீழே 16 தபால் பெட்டிகள்; ஒவ்வொன்றிலும் குடும்பப் பெயர். அவளுடைய பெட்டியில் இருந்தது கணவரின் பெயர். தபால்காரர் 16 பெயரையும் பார்த்திருப்பார், நான் எழுதிய பெயர் இல்லை, திருப்பி அனுப்பிவிட்டார். சுவிஸ், ஜேர்மனி போன்ற நாடுகளில் தபால் வீட்டு இலக்கத்துக்கு அல்ல, பெட்டியில் உள்ள பெயருக்குத்தான் போகும்.

ஆகவே ஒரு வேலை செய்யுங்கள். பெறுபவரிடம் அவருடைய தபால் பெட்டியையும், அண்மையில் வந்த ஏதாவது ஒரு கடித உறையையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்த உறையில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்தெழுத்தாக எழுதுங்கள். தகப்பன் பெயர் முதலா, சொந்தப் பெயர் முதலா என்ற எங்கள் குழப்பம் எல்லாம் இதோடு தீரும்.

கனடாவுக்கு அனுப்புகிறவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. அந்நாட்டு அஞ்சல் குறியீட்டில் எழுத்தும் இலக்கமும் மாறி மாறி வரும். ஆங்கில ஓ என்ற எழுத்து அதில் பயன்படுவதே இல்லை. வட்டமாக ஏதாவது இருந்தால் அது பூச்சியம்தான்.

பெறுபவரின் தொலைபேசி இலக்கத்தை நாட்டுக் குறியீட்டோடு எழுதுங்கள். மின்னஞ்சலும் இருந்தால் நல்லது. அனுப்புபவர் விலாசத்தில் உங்கள் அஞ்சல் குறியீட்டையும் விடாதீர்கள்: மட்டக்களப்புக்கு 30000, கல்முனைக்கு 32300. பொதி திரும்பி வரும்போது அதுதான் உங்களைத் தேடும். பெட்டிக்குள்ளும் இரண்டு விலாசங்களையும் எழுதிய ஒரு தாளைப் போடுங்கள். வெளித்தாள் கிழிந்தால் அதுதான் கடைசி நம்பிக்கை.

எந்த நாளில் போய்ச் சேரும் என்பதையும், அந்த நாளில் அங்கே ஆள் இருப்பாரா என்பதையும் கேளுங்கள். ஆள் இல்லையென்றால் கனடாவில் 15 நாள் வைத்திருப்பார்கள், சுவிஸில் 7 நாள்தான். வைகாசி, ஆனி, ஆடி மாதங்களில் கண்ணகி அம்மன் சடங்குக்கும் மாமாங்கத் திருவிழாவுக்கும் பாதிப் புலம்பெயர்ந்தோர் இங்கேதான் நிற்கிறார்கள். அந்த மாதங்களில் பொதி அனுப்பாமல், வருகிறவர்களிடம் கொடுத்துவிடுவதே மேல்.

5. சுங்கப் படிவம்

இங்கே நேரம் செலவழியுங்கள். நிறைய.

குறைந்த பெறுமதிச் சிறு பொதிக்குச் சி.என். 22, பார்சலுக்கும் பெறுமதி கூடியவற்றுக்கும் சி.என். 23. இரண்டிலும் கேட்பது ஒன்றுதான்: என்ன, எத்தனை, எவ்வளவு எடை, என்ன விலை. இப்போது இந்த விபரங்கள் மின்னணு முறையில் பொதிக்கு முன்னே போகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2021 மார்ச் 15 முதல் இதைக் கட்டாயமாக்கியது, அமெரிக்காவும் கேட்கிறது. உங்கள் எழுத்து வாசிக்க முடியாமல் இருந்து, கணினியில் பிழையாக ஏறினால் பொதி விமானம் ஏறுவதற்கு முன்பே நிற்கும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

"உணவுப் பொருட்கள்", "துணிகள்", "அன்பளிப்பு" என்று ஒரே சொல்லில் எழுதுவது மிகப் பெரிய பொறி. "அன்பளிப்பு" என்பது பொருள் அல்ல, காரணம். அதற்குத் தனியாகக் கட்டம் இருக்கிறது, அதில் அடையாளமிடுங்கள். பொருள் விபரத்தில் "கைத்தறிப் பருத்திச் சேலை, 2", "வறுத்த கறித்தூள், 1 கிலோ, 4 பைகள்" என்று பிரித்து எழுதுங்கள்.

விலையைப் பூச்சியம் என்றோ ஒரு டொலர் என்றோ எழுதாதீர்கள். சுங்கத்தினர் சேலையைத் தொட்டுப் பார்த்ததும் அது ஒரு டொலருக்கு வராது என்று தெரிந்துகொள்வார்கள். பொதியை நிறுத்திப் பெறுபவரிடம் ஆதாரம் கேட்பார்கள். தொலைந்தால் நட்டஈட்டுக்கும் நீங்கள் எழுதிய விலையே உங்கள் கையைக் கட்டும்.

தனி நபர் தனி நபருக்கு அனுப்பும் அன்பளிப்புக்கு வரியில்லாத எல்லைகள் இவை: பிரித்தானியா 39 பவுண், ஐரோப்பிய ஒன்றியம் 45 யூரோ, கனடா 60 கனேடிய டொலர், சுவிஸ் 100 பிராங். அமெரிக்காவில் 800 டொலர் வரையிருந்த பொதுவான விலக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் இல்லை. அன்பளிப்புக்கு 100 டொலர் எல்லை தொடர்ந்தது. அங்குள்ள விதி அடிக்கடி மாறுவதால், அனுப்பும் கிழமையில் தபாலகத்தில் கேட்டுவிட்டே அனுப்புங்கள்.

லண்டன் மச்சான் மாட்டியது இந்த 39 பவுணில்தான். ஒரே பெட்டியில் மச்சானுக்குச் சாறம், மச்சாளுக்குச் சேலை, பிள்ளைகளுக்குச் சட்டை. மொத்தம் 50 பவுணுக்கு மேல். படிவத்தில் ஒரே வரியில் எழுதினேன். எல்லை தாண்டியது, பெறுமதியோடு தபால் செலவையும் சேர்த்து அதற்கு 20 சதவீத வரி, அதற்கு மேல் தபாலின் கையாளுகைக் கட்டணம். ஒவ்வொருவருக்கும் உரியதைத் தனித்தனியாகச் சுற்றி, பெயரோடும் விலையோடும் படிவத்தில் தனித்தனி வரியாக எழுதியிருந்தால், 39 பவுண் எல்லை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கிடைத்திருக்கும். விதியிலேயே இருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

வியாபாரத்துக்கு அனுப்புகிறவர்கள் அன்பளிப்பு என்று அடையாளமிடக் கூடாது. விலைச்சீட்டு வையுங்கள். 2021 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனைப் பொதிக்கு எந்தச் சிறு தொகையிலும் பெறுமதி சேர் வரி உண்டு என்பதை வாங்குபவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் வாசலில் பொதியை மறுப்பார்.

பார்சல் படிவத்தில் இன்னொரு கட்டம் இருக்கும்: ஒப்படைக்க முடியாவிட்டால் என்ன செய்வது? திருப்பி அனுப்பு, அல்லது கைவிட்டதாகக் கருது. பலர் பார்ப்பதே இல்லை. திருப்பி அனுப்பச் சொன்னால் அந்தச் செலவை உங்களிடம் கேட்கலாம். இரண்டு கிலோ முறுக்குக்கு அது தேவையா என்று யோசித்து அடையாளமிடுங்கள்.

6. தபாலகத்தில்

உப தபாலகத்துக்கு முதலில் போகாதீர்கள். நான் போய், பெரிய தபாலகத்துக்குப் போகச் சொல்லி அனுப்பப்பட்டேன். ஈ.எம்.எஸ். எல்லா இடத்திலும் ஏற்பதில்லை. நகரத் தபாலகத்துக்கு முதல் நாள் தொலைபேசியில் கேட்டுவிட்டுக் காலையிலேயே போங்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் அனுப்பினால் கொழும்புக்குப் போகும் முன்பே இரண்டு நாள் கரைந்துவிடும்.

கொண்டுபோக வேண்டியவை: தேசிய அடையாள அட்டையும் அதன் பிரதியும், பெறுபவர் விபரம் எழுதிய தாள், பொருட்களின் விலைச்சீட்டு, திறந்த பெட்டி, முன்சொன்ன மூன்று ஆயுதங்கள்.

பணம் கட்டிய பின் அவசரப்படாதீர்கள். பற்றுச்சீட்டில் உள்ள இலக்கமும் பெட்டியில் ஒட்டியிருக்கும் இலக்கமும் ஒன்றுதானா என்று அங்கேயே பாருங்கள். பிறகு நான்கு படம்: பெட்டி திறந்தபடி, ஒட்டியபின் விலாசம் தெரிய, படிவம், பற்றுச்சீட்டு. பற்றுச்சீட்டு வெப்பத்தாளில் அச்சானது. சில மாதத்தில் எழுத்து மறைந்துவிடும். படம் இல்லையென்றால் பிறகு விசாரணைக்குப் போகும்போது கையில் வெற்றுத்தாள்தான் இருக்கும்.

7. செலவு

தபாலில் எடைப்படி கட்டணம் ஏறும். நாட்டுக்கு நாடு மாறும். வீட்டில் நிறுத்துப் பாருங்கள். ஓர் எடைப் படியை ஐம்பது கிராம் தாண்டி அடுத்த படிக்குப் பணம் கட்டுவதைவிட, இரண்டு முறுக்கை எடுத்து வாயில் போடுவது இலாபம்.

கூரியரில் வேறு கணக்கு. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000ஆல் வகுப்பார்கள். அதில் வரும் எண்ணும் உண்மையான எடையும், எது கூடவோ அதற்குக் கட்டணம். 50, 40, 30 என்ற பெட்டி 12 கிலோவாகக் கணக்கிடப்படும். உள்ளே இரண்டு கிலோ முறுக்கு மட்டும் இருந்தாலும் சரி. சாமானுக்கு அளவான சிறு பெட்டியைத் தேடுங்கள்.

பெறுபவர் செலவையும் அவரிடம் சொல்லிவையுங்கள். வரி விழுந்தால் பிரித்தானியாவில் றோயல் மெயில் 8 பவுணும், கனடாத் தபால் 9.95 டொலரும் கையாளுகைக் கட்டணமாக அதற்கு மேல் வாங்குகின்றன.

8. திரையில் வருவதை எப்படி வாசிப்பது

என் தூக்கம் கெட்டது இதில்தான்.

கண்காணிப்பு என்பது பொதியின் மேல் வைத்த கண் அல்ல. எங்கெங்கே ஒருவர் கையில் கருவியை எடுத்துப் பட்டைக் குறியீட்டை வாசித்தாரோ, அந்தந்த இடத்தின் பட்டியல். இரண்டு வாசிப்புக்கு இடையில் பொதி ஒரு சாக்குக்குள் இருக்கிறது. சாக்கைத்தான் நகர்த்துகிறார்கள்.

வரிசை இப்படி வரும். தபாலகம் ஏற்றது. கொழும்பில் மத்திய தபால் பரிமாற்றகத்துக்கு வந்தது. அங்கிருந்து புறப்பட்டது. அந்நாட்டுப் பரிமாற்றகத்துக்கு வந்தது. சுங்கத்தில் இருக்கிறது. சுங்கத்திலிருந்து வெளியேறியது. விநியோகத் தபாலகத்துக்கு வந்தது. ஒப்படைக்க முயன்றது. ஒப்படைக்கப்பட்டது.

இதில் மூன்றாவதுதான் எல்லாரையும் ஏமாற்றும். "பரிமாற்றகத்திலிருந்து புறப்பட்டது" என்றால் விமானம் பறந்துவிட்டது என்று பொருள் அல்ல. சாக்கைக் கட்டி, பட்டியல் எழுதி, அனுப்பத் தயார் என்று மூடியதற்குத்தான் அந்தப் பதிவு. அதன் பிறகு கட்டுநாயக்காவில் இடம் கிடைக்கும்வரை காத்திருக்கலாம்; இடைவழியில் வேறு நாட்டு விமான நிலையத்தில் மாறலாம். இந்த நேரம் முழுக்கத் திரையில் ஓர் அசைவும் இருக்காது. எனக்குப் பதிவுத் தபாலில் 19 நாள் அசைவில்லாமல் இருந்து, இருபதாம் நாள் ஒரே காலையில் மூன்று பதிவு விழுந்திருந்தது.

புறப்பட்டது என்று வந்தவுடன் எங்கள் நாட்டுத் தளத்தை விட்டுவிட்டு, அதே இலக்கத்தைப் பெறும் நாட்டுத் தபாலின் தளத்தில் தட்டுங்கள். அங்கே பதிவு முதலில் தெரியும். கூடுதல் விபரமும் இருக்கும். பிரித்தானியாவுக்கு என்றால் ஆர் எழுத்தில் தொடங்குவதை றோயல் மெயிலிலும், சி, ஈ எழுத்துகளில் தொடங்குவதைப் பார்சல்போர்ஸிலும் பாருங்கள்.

"சுங்கத்தில்" என்று ஒரு கிழமை நின்றால் பெறுபவரைக் கேளுங்கள்: கடிதமோ மின்னஞ்சலோ வந்ததா? பல முறை வரி கட்டச் சொல்லும் கடிதம் அவருடைய பெட்டியில் பிரிக்கப்படாமல் கிடக்கும். ஆனால் "உங்கள் பொதி நிற்கிறது, இந்த இணைப்பில் சிறு தொகை கட்டுங்கள்" என்று உங்கள் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்தால் அது வங்கி அட்டை விபரத்தைத் திருடும் வேலை. இணைப்பைத் தொடாமல், இலக்கத்தை நீங்களே தபால் தளத்தில் தட்டிப் பாருங்கள்.

சில தாமதங்கள் யார் கையிலும் இல்லை. 2025 ஆகஸ்டில் தபால் ஊழியர் வேலைநிறுத்தம். நவம்பர் கடைசியில் டித்வா புயல், பாதையும் தண்டவாளமும் துண்டிப்பு. நத்தாருக்கு அனுப்புவதென்றால் ஒக்டோபர் இறுதிக்குள் அனுப்பிவிடுங்கள். தைப்பொங்கலுக்கு என்றால் நவம்பர் நடுவில். அதற்குப் பிறகு அங்கே நத்தார் நெரிசல், இங்கே வெள்ளம்.

9. எப்போது விசாரணை போடுவது

பற்றுச்சீட்டு வாங்கி ஐந்து வேலைநாள் கடந்தும் முதல் பதிவே இல்லையென்றால், அனுப்பிய தபாலகத்துக்கு நேரே போங்கள். வெளிநாடு போன பிறகு அசைவில்லாமல் இருந்தால், விரைவுத் தபாலுக்கு இரண்டு கிழமையும் மற்றவற்றுக்கு ஆறு கிழமையும் பொறுக்கிறேன். இது என் அளவுகோல்.

விசாரணையைத் தொடங்க வேண்டியவர் அனுப்பியவர். அக்கா அங்கே மூன்று முறை தொலைபேசி எடுத்து, மூன்று முறையும் "அனுப்பியவரைக் கேட்கச் சொல்லுங்கள்" என்ற பதிலோடு திரும்பினார். சி.என். 08 என்பது விசாரணைப் படிவம். பற்றுச்சீட்டு, சுங்கப் படிவப் பிரதி, அடையாள அட்டை, நீங்கள் எடுத்த படங்கள் ஆகியவற்றோடு போய் நிரப்புங்கள். அனுப்பிய மறுநாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று ஏழாம் மாதம் போனால் கதவு மூடியிருக்கும். பதில் வர ஓரிரு மாதம் ஆகும்.

தொலைந்தது உறுதியானால் நட்டஈடு உண்டு. பெரிய தொகை அல்ல. உலகத் தபால் விதிப்படி பதிவுத் தபாலுக்கு 30 சிறப்பு எடுப்பனவு உரிமை அலகுகள் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), ஏறக்குறைய 40 அமெரிக்க டொலர். பார்சலுக்கு 40 அலகும், கிலோ ஒன்றுக்கு 4.50 அலகும் உச்சம். அதனால் அதைவிடப் பெறுமதியான சேலையைச் சாதாரணப் பதிவுத் தபாலில் போடாதீர்கள்.

திரும்பி வந்த பொதியைக் கையொப்பமிட்டு எடுக்கும் முன், ஏன் திரும்பியது என்று மேலே ஒட்டியிருக்கும் சிறு தாளைப் படம் எடுங்கள். உரிமை கோரவில்லை, விலாசம் போதாது, பெறுபவர் மறுத்தார் என்று கட்டங்கள் இருக்கும். ஒன்றில் அடையாளம் போட்டிருப்பார்கள். அடுத்த முறை எதைத் திருத்துவது என்று அதுதான் சொல்லும். பழைய தாள்களை முழுதாகக் கிழித்துவிட்டு, புதுப் படிவம், புது இலக்கத்தோடுதான் மறுபடி அனுப்ப முடியும்.

அக்காவின் பெட்டியை வீட்டில் பிரித்தபோது கறித்தூள் மணம் குறையாமல்தான் இருந்தது. அதையே திரும்ப அனுப்பலாம் என்றேன். அம்மா கேட்கவில்லை. "மூன்று மாதம் ஊர் சுற்றின தூளையா?" என்று சொல்லிவிட்டுப் புதிதாக மிளகாய் காயவைத்தார். பழைய தூளை நாங்கள் தைப்பொங்கல் வரை கறிக்குப் போட்டோம். புதுப் பெட்டி, சி எழுத்து இலக்கத்தோடு, கால் கிலோப் பைகளாக, 27 நாளில் ஸ்காபரோவில் கையொப்பத்தோடு ஒப்படைக்கப்பட்டது.